மெல்லிய வட்ட எழுத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை சரிவருமா?

கேள்வி: உப்புவெளியில் கெஸ்ட்ஹவுஸ் திறக்கிறோம். ஃபியூச்சரா லைட் மாதிரி மெல்லிசான எழுத்தில் மூன்று மொழியிலும் போட் வேணும். தமிழுக்குச் சரிவருமா?

மெனுவுக்கும் விசிட்டிங் காட்டுக்கும் சரிவரும், வீதியோரப் போட்டுக்குச் சரிவராது. டிசைன் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மெல்லிய எழுத்து அழகில்லை என்று நான் சொல்லவில்லை, தூரக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு எழுத்து தெளிவாகத் தெரிய, 1 மீற்றர் தூரத்துக்குக் கோடு சுமார் 0.3 மி.மீ. தடிப்பு வேணும். 30 மீற்றருக்கு 9 மி.மீ. நிலாவெளி வீதியில் ஓடும் வாகனத்திலிருந்து வாசிக்க அதை இரட்டித்து 18 என்று வையுங்கள். கோடு உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்றால் எழுத்து 54 செ.மீ. உயரம் வேணும். பத்தில் ஒரு பங்கு என்றால் 18 செ.மீ. போதும். தின், லைட் என்ற பெயர்களை நம்பாதீர்கள், எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ‘ப’வை 100 மி.மீ. உயரத்துக்கு இழுத்து, நேர்கோட்டை அளந்து பாருங்கள்.

தமிழில் முதலில் தொலைவது புள்ளி. கோட்டின் தடிப்பிலேயே புள்ளியும் இருந்தால் ‘க்’ தூரத்தில் ‘க’ ஆகிவிடும். விட்டம் கோட்டைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். அடுத்தது ‘நி’யும் ‘நீ’யும். நுனிச் சுழி தெரியாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

மெல்லியதை ஓஃப்செட் பாத் (கோட்டைச் சுற்றிலும் ஒரே அளவில் பெருப்பிக்கும் கட்டளை) போட்டுத் தடிப்பாக்கவும் வேண்டாம். பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் வந்த ஃபியூச்சரா காம்பஸால் கீறியதுபோல் இருந்தாலும், வளைவு நேர்கோட்டில் சேருமிடத்தைக் கண்ணுக்காக மெலித்திருப்பார். ஓஃப்செட்டுக்கு அந்த விவரம் தெரியாது, ‘ழ’, ‘ண’ சுழிகளை அடைத்துவிடும். அதே எழுத்துருக் குடும்பத்தில் தடிப்புக் கூடிய மீடியமோ செமிபோல்டோ எடுங்கள். நோட்டோ சான்ஸ் எழுத்துருவில் தமிழ், சிங்களம் இரண்டுக்கும் தடிப்பு எண் 100 முதல் 900 வரை உண்டு. எண் ஒன்றானாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருக்கால் பாருங்கள்.

வினைல் ஸ்ரிக்கர் என்றால் மிக மெல்லிய கோடு உரிக்கும்போதே கூட வந்துவிடலாம், மிஞ்சியது கடற்காற்றில் ஓரம் கிளம்பும். உள்ளே எல்ஈடி வைக்கும் எழுத்தென்றால் வழக்கமான விளக்கு மொட்யூலே 12–15 மி.மீ. அகலம், மெல்லிய கோட்டுக்குள் நுழையாது.

கேட்காத ஒன்று: எங்கள் ஊரில் அலுவலகப் போட்டுகளிலேயே ‘கொ’வின் கொம்பு இடம்மாறிக் கிடக்கிறது. கேட்டால் ‘கொம்பியூட்டர் அப்படித்தான் காட்டுது’ என்பார்கள். சிங்களத்தில் அப்படிப் பிழைவிட்டுத் தொங்கவிடுவார்களா? போட் வரையும் இல்லஸ்ரேட்டர் மென்பொருளில் டைப் பிரிஃபரன்ஸில் ‘ஷோ இண்டிக் ஒப்ஷன்ஸ்’ போட்டு, பரகிராஃப் பனலில் சவுத் ஏஷியன் கொம்போஸரைத் தெரிவுசெய்தால் கொம்பு தன் இடத்துக்கு வரும். யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பெயரென்றால் முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிக் கொடுங்கள். வெட்டுவதற்கு முன் எழுத்தை அவுட்லைனாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிய பிடிஎஃப்பை வாங்கி, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.