கடைக் கொப்பி யார் கையில்? நுகர்வோர் கேள்வி-பதில்

அக்கா, மஸ்கெலியாவிலிருந்து வேலைக்காக ஹட்டன் வந்து அறை எடுத்திருக்கிறேன். தனியே சமைப்பது இதுதான் முதல் தடவை. வாங்கிய சாமானில் சிலது பத்து நாளில் முடிந்தது, சிலது கெட்டுப்போனது. எதை எவ்வளவு வாங்குவது? (ஹட்டன்)

வீட்டு லிஸ்டை அப்படியே கொண்டு வந்திருப்பீர்கள் தம்பி. அது ஐந்தாறு பேருக்கானது. ஒரு ஆள் இரண்டு வேளை சோறு சாப்பிட்டால் நாளுக்கு 250 கிராம் அரிசி, மாதத்துக்கு ஏழரைக் கிலோ. பருப்பு நாளுக்கு 50 கிராம் வீதம் ஒன்றரைக் கிலோ. காலையில் ரொட்டி சுட்டால் மா மூன்று கிலோ. தேயிலை கோப்பைக்கு 2 கிராம்தான். நாளுக்கு நான்கு கோப்பை குடித்தாலும் 250 கிராம் பக்கெட் போதும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி போடுகிறவருக்குச் சீனி ஒரு கிலோ.

மலிவு என்று 25 கிலோ அரிசி மூட்டை தூக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும், வண்டு உங்களுக்கு முந்திவிடும். மிளகாய்த்தூள், நெத்தலி இரண்டையும் 100 கிராமாக வாங்குங்கள். மழை மாதங்களில் நம் பக்கத்து ஈரத்துக்கு நெத்தலி பூஞ்சணம் பிடிக்கும். வெறும் சட்டியில் லேசாக வறுத்து, ஆறவிட்டு டின்னில் போடுங்கள். கடலையை இரவே ஊறப்போட வேண்டும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், நுவரெலியாவில் சுமார் 94 பாகையில். அதனால் வேகப் பிந்தும். ஊறாத கடலைக்குக் காஸ் செலவுதான் மிச்சம்.

தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துவிட்டது. கலப்படம் என்று கொட்டிவிட்டேன். காசைத் திருப்பிக் கேட்கலாமா? (நுவரெலியா)

நல்ல எண்ணெயைக் கொட்டியிருக்கிறீர்கள். 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத்தான் செய்யும். போத்தலை வெந்நீரில் வைத்தால் இளகும். ஜனவரிக் குளிரிலும் தண்ணீர் மாதிரி ஓடுகிற ‘தேங்காய் எண்ணெய்’ மேல்தான் சந்தேகம் வர வேண்டும்; கலப்படத்துக்குப் போடும் பாம் ஒலீன் (பாம் எண்ணெயின் திரவப் பகுதி) அவ்வளவு சீக்கிரம் உறையாது. ஓடுகிற போத்தலாகத் தேடி வாங்கிய புத்திசாலிகளில் நானும் ஒருத்தி. ஆனால் உறைந்தது என்பதற்காகவே சுத்தம் என்றும் சொல்ல முடியாது.

பால்மா பக்கெட் திகதி முடிந்தது. பாதி குடித்த பிறகுதான் பார்த்தேன். பில் இல்லை, பக்கெட்டையும் எறிந்துவிட்டேன். என்ன செய்யலாம்? (கண்டி)

அடுத்த பக்கெட்டில் திகதியைப் பார்க்கலாம்.

தோட்டத்துக் கடையில் கடன் கொப்பிக்கு வாங்குகிறேன். தனி ஆள்தான். சம்பளத்துக்குக் கடைக்காரர் 14,000 ரூபாய் கணக்குச் சொல்கிறார். கொப்பியில் வெறும் தொகைதான் இருக்கிறது. கேட்டால் கோபிக்கிறார். (தலவாக்கலை)

கோபம் வர வேண்டியது உங்களுக்குத் தங்கச்சி. “சாமான் 1,850” என்று எழுதுவது கணக்கே இல்லை. எத்தனை பேர் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த காசு இந்த ஒற்றை வரிக்குள் போயிருக்கிறது! ஒவ்வொரு வரியிலும் திகதி, பொருள், நிறை, கிலோ விலை, தொகை ஐந்தும் வேண்டும். கொப்பி இரண்டு இருக்கட்டும். ஒன்று கடையில், ஒன்று உங்கள் கையில். சாமான் எடுக்கும்போதே இரண்டிலும் எழுத வேண்டும்.

பிழை அதிகம் வருவது பக்கம் புரட்டும் இடத்தில். உதாரணத்துக்கு, பழைய பக்கத்தின் கூட்டு 4,350. அதில் சேர்ந்த கடைசி வரி 620. புதுப் பக்கத்தில் “முன்பாக்கி 4,350” என்று எழுதி, அதன் கீழே அதே 620 திரும்பவும் ஏறியிருக்கும். முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். அடுத்தது, கட்டிய காசு ‘வரவு’ என்று கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கெட் சாமானுக்குக் கடன் விலை என்று தனி விலை கிடையாது, அச்சிட்டிருப்பதுதான் உச்சம். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தாக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. இந்த மாதம் எடுத்ததை ஞாபகத்திலிருந்து எழுதி, அவர் முன்னாலேயே விலை போட்டுக் கூட்டிப் பாருங்கள். மேலே ஹட்டன் தம்பிக்குச் சொன்ன அளவுகளோடும் ஒப்பிடுங்கள். முழுக் கடனையும் உடனே விட முடியாது, தெரியும். அடுத்த சம்பளத்தில் மாவும் சீனியும் மட்டும் டவுனில் காசுக்கு வாங்குங்கள்.

வெலிமடைக் கிழங்கு என்று கூடிய விலைக்குத் தந்தார்கள். கழுவினால் மண் மட்டும் போகிறது, உள்ளே வெளிநாட்டுக் கிழங்கு போலிருக்கிறது. (பண்டாரவளை)

உங்களில் பிழையில்லை. இறக்குமதிக் கிழங்கில் செம்மண் பூசி விற்பது பழைய வித்தை. மண்ணுக்கும் சேர்த்து நிறை போட்டிருப்பார்கள். புதிதாகத் தோண்டிய கிழங்கின் தோல் பெருவிரலால் தேய்த்தாலே உரியும். வாங்கும் முன் ஒன்றைத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

டின் மீனில் அச்சிட்ட விலைக்கு மேல் 30 ரூபாய் எடுத்தார். “மலைக்கு லொறிக் கூலி” என்றார். சரியா? (பொகவந்தலாவை)

குற்றம். 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகார சபையிடம் சொல்லுங்கள். டின்னைத் திறக்கும் முன், விலை தெரியும்படி பில்லோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.