அம்மாவுக்கு நான்கு விசை

அன்புள்ள அக்கா,

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியிலிருந்து வந்ததும் டேப்லெட்தான். பாடம் எல்லாம் வீடியோவில் பார்க்கிறாள், வீட்டுப்பாடத்தை ஏஐயிடம் கேட்கவும் தெரிந்துகொண்டாள். கோடிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லித் தினமும் போன் வருகிறது. நீங்கள் எந்த வயதில் கம்ப்யூட்டரைத் தொட்டீர்கள்? பிள்ளைகளுக்கு எந்த வயதில் கொடுக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

மேலே இருக்கிற தமிழ் எழுத்து என் உபயம். நீங்கள் அனுப்பியது முழுக்க ஆங்கில எழுத்தில் இருந்தது. மகள் பள்ளியிலிருந்து வருகிறாளா பல்லியிலிருந்து வருகிறாளா என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். அதைக் குத்திக்காட்டத்தான் பதில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு ஃப்ளாப்பி கிடைத்தது. அன்றிலிருந்து எனக்கும் இதே நினைப்புதான்.

ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி. உங்கள் வயதுக்குப் பார்த்திருக்க மாட்டீர்கள். தபால் கவர் மாதிரி வளையும். 360 கிலோபைட் கொள்ளும். உங்கள் மகள் டேப்லெட்டில் எடுக்கிற ஒரு போட்டோ அதில் அடங்காது. உறையில் நீளமாக ஒரு திறப்பு, அதன் வழியே உள்ளே இருக்கிற காந்தத் தகடு தெரியும். நம் ஊர் ஈரம் அதற்குள் புகுந்து சாம்பல் நிறத்தில் பூசணம் பூக்கும். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊருக்கு ஏற்ற சாமான்!

1994இல், ப்ளஸ் டூ முடித்த கையோடு, மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். ஃபீஸ் எல்லாம் ஒட்டுப்பால், அதாவது ரப்பர் மரத்தில் உறைந்த பால், விற்ற காசு. அந்த நாற்றம் நோட்டிலும் இருக்கும். கவுண்டரில் இருந்தவர் நுனிவிரலால்தான் வாங்குவார். ஜூனில் மழை பிடித்தது. ஃப்ளாப்பி நனையக்கூடாதாம் என்று அப்பாவிடம் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்க உள்ளயாக்கும் நீ படிச்சதெல்லாம் இருக்கு?" ரப்பர் மரத்துக்கு ரெயின்கார்டு ஒட்டியதில் மிஞ்சின பிளாஸ்டிக் ஷீட் திண்ணையில் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி, நாலு பக்கமும் மடக்கி, நூல் சுற்றித் தந்தார். "மரத்துக்கே குடை போட்டாச்சு, இதுக்குப் போட்டா என்ன மக்களே."

பரணில் கிடைத்தபோதும் அந்த உறை கிழியாமல் இருந்தது. உள்ளே பூசணம்.

சரி, தொட்ட கதை. சென்டரில் மூன்று கம்ப்யூட்டர், முப்பது பேர். முதல் மூன்று வாரம் தொடவே விடவில்லை. விசைப்பலகையை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்து, அதில் விரல் வைத்துப் பழகச் சொன்னார்கள். என் தாளில் ஏ, எஸ், டி, எஃப் நாலும் விரல் பட்டுத் தேய்ந்து போயின. கடைசியில் நிஜ விசையில் விரல் வைத்தபோது அது உள்ளே இறங்கியது. திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டேன். காகிதம் இறங்காதே! வேர்ட்ஸ்டார் என்ற எழுதும் மென்பொருளில் என் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன். தமிழில் வராதா என்று கேட்டதற்கு ஸார், "அதுக்குத் தமிழ் தெரியாது பிள்ளே" என்றார்.

நம்பினேன். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைச் செய்துவிட்டார் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பிறகு நாகர்கோவிலில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனிக் குறியாக்கம், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு. இங்கே மணமகன் பெயராக இருந்தது வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால் கேள்விக்குறியும் கொக்கியுமாகிவிடும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் கம்ப்யூட்டர் தமிழுக்கான தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதன் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. தம்பி, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம். மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். வலது விரல்கள் சும்மா கிடக்கிற வரிசையிலேயே க, ப, ம, த, ந. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முன்னதுக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ: அம்மா, நாலே தட்டு. பள்ளிக்கூடத்தில் தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று என்று இனவெழுத்து படித்தோமே, அந்த ஆறு ஜோடியும் விசைப்பலகைக்குத் தெரியும். ந, த, உ தட்டினால் 'ந்து' வந்துவிடும். புள்ளியை நீங்கள் தேடவேண்டாம். ஆங்கில எழுத்தில் 'பந்து' அடிக்க உங்களுக்கு ஆறு தட்டு. அதில் ஒரு 'எச்' போடலாமா வேண்டாமா என்ற யோசனை வேறு. எனக்கு இது பழகப் பத்து நாள் ஆனது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுகூட ஆகாது. போனில் செல்லினம் என்ற செயலியிலும் இருக்கிறது, ஐஃபோனிலும் இருக்கிறது, காசு கிடையாது. நாங்கள் ஜெராக்ஸ் தாளில் விரல் தேய்த்தோம். உங்கள் கையில் நிஜ விசை இருக்கிறது, அதில் தமிழும் இருக்கிறது. நீங்கள் 'வானக்கம்' என்று படிக்கிற மாதிரி வணக்கம் சொல்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? மகள் உங்களைப் பார்த்துத்தானே அடிக்கப் பழகுவாள்?

கோடிங் வகுப்புக்குக் கையில் காசு மிச்சமிருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. வீடியோவில் படிப்பது பற்றி எனக்குப் பெரிதாகக் கவலை இல்லை. ஏஐ சொன்னதை அவள் தன் கையால் ஒரு முறை எழுதட்டும், போதும். எந்த வயது என்று கேட்டீர்கள். நான் தொட்டது பதினேழில். அதைவைத்து உங்கள் மகளுக்கு என்ன சொல்ல?

அடுத்த கடிதத்தை அவளையே அடிக்கச் சொல்லுங்கள். தமிழில். அவள் பிழைவிட்டால் பரவாயில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டாம், உங்களுக்கு ளகரம் எங்கே இருக்கிறது என்று இன்னும் தெரியாது.

அன்புடன்,
அக்கா