கோர்ட்டுக்குள் போன் வேண்டாம், நோட்டு போதும்

கேள்வி: குடித்துவிட்டு வந்த கார்க்காரர் இடித்ததில் என் தம்பிக்குக் கால் முறிந்துவிட்டது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. விசாரணையை போனில் பதிவு செய்து ஃபேஸ்புக்கில் போடலாமா?

பதில்: பதிவு செய்யாதீர்கள். ஆனால் நடந்ததை எழுதலாம்.

கோர்ட்டு எல்லாருக்கும் பொதுதானே என்று கேட்பீர்கள். உட்கார்ந்து கேட்கலாம், குறிப்பு எடுக்கலாம். நீதிபதியின் அனுமதி இல்லாமல் பதிவு செய்தால் போன் பறிபோகும். நீதிமன்ற அவமதிப்பும் வரலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் நேரலைக்கு வழிவிட்டது, கோர்ட்டே ஒளிபரப்புவதற்குத்தான்.

எனக்குப் பெரிய கவலை வாசலில் நிற்கும் புரோக்கர்தான். "ரெக்கார்டிங் இருக்கு சார், எல்லா காப்பியும் இன்னைக்கே வாங்கித் தர்றேன்" என்பார். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். பாதிக்கப்பட்டவருக்கு எஃப்ஐஆர் நகல் இலவசம். தம்பிக்கு வக்கீல் இருந்தால் குற்றப்பத்திரிகை நகலும் கிடைக்கும். அடுத்த வாய்தா எப்போது என்பதை, வழக்குக்கென்று தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் நீங்களே பார்க்கலாம். சாட்சியம், தீர்ப்பு நகலுக்கு நகல் மனு போட வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். எல்லார் முன்னாலும் சொன்ன சாட்சியத்தை வாங்க ஒரு குடும்பத்தை ஏன் இப்படி அலையவிட வேண்டும்? புரோக்கர் பிழைப்பதே இந்தத் தாமதத்தில்தான்.

சரி, எப்படி எழுதுவது? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ன்படி குற்றம். "இந்தத் தேதியில், இவ்வளவு இருந்ததாக டாக்டர் சாட்சி சொன்னார்" என்று எழுதுங்கள். நியாயமான, சரியான செய்தி அவமதிப்பு ஆகாது என்று 1971-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே சொல்கிறது. தீர்ப்புக்கு முன் "குடிகாரக் கொலைகாரன்" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஓட்டியவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெயர் போடக்கூடாது. படம், முகவரி, பள்ளி எதுவும் கூடாது. அப்பா பெயரையோ கார் நம்பரையோ போட்டு ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அதே குற்றம்தான். இளைஞர் நீதிச் சட்டம் 74-ன்படி 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. உங்கள் கோபம் நியாயமாக இருந்தாலும் இதில் விலக்கு கிடைக்காது. அதனால் எழுதும் முன் குற்றப்பத்திரிகையில் ஓட்டியவரின் வயதைப் பாருங்கள்.