கையெழுத்து வாங்கிவிட்டு விமானம் ஏறு: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், எம்.எஸ்சி. இயற்பியல் படித்த காலத்தில் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊருக்கு ஒரு குளிர்கால செமஸ்டர் பரிமாற்ற மாணவியாகப் போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாமே ஏறக்குறைய ஜெர்மனியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

"அக்கா, நான் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரிக்கும் ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அக்டோபரில் ஒரு செமஸ்டர் போக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே படிக்கும் பாடம் இங்கே எப்படிக் கணக்கில் வரும் என்று கேட்டால், 'முதலில் போய்ட்டு வாம்மா, அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிறார் துறைத் தலைவர். போகலாமா?" (மாணவி, திருச்சி)

போகலாம் தங்கை, கட்டாயம் போ. ஆனால் அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதே, ஏனென்றால் நான் அப்படித்தான் போனேன்.

திரும்பி வந்து என் மதிப்பெண் தாளை எங்கள் கல்லூரி அலுவலகத்தில் நீட்டினேன். ஒரு பாடத்தில் 1.7. அங்கிருந்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், "என்னம்மா, பத்துக்கு ஒன்னே முக்கால்கூட இல்லையே" என்றார். ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. அதாவது 1.7 நல்ல மதிப்பெண். அதை விளக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு பாடத்தின் பெயர் பொருந்தவில்லை என்று இரண்டு பாடங்களை ஏற்க மறுத்தார்கள். மூன்று மாதம் ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்கினேன், கடைசியில் அந்த இரண்டையும் இங்கே மறுபடி எழுதினேன். அங்கே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்த பாடம் அது. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

அதனால் போவதற்கு முன்பே 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்று ஒரு தாள் போட வேண்டும். அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட் என்று எழுதி, நீ, உன் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 புள்ளிகள் என்று ஒரு பொதுக்கணக்கு இருக்கிறது. அதில் நாம் வீட்டில் உட்கார்ந்து படிக்கும் நேரமும் சேர்த்தி, ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் ஊர் கிரெடிட் வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்பதை வைத்து வருவது. அதனால் அங்கே 6 புள்ளிப் பாடம் இங்கே 6 கிரெடிட் ஆகாது, மூன்றோ நாலோதான் வரும். மதிப்பெண்ணை எந்தச் சூத்திரத்தில் மாற்றுவார்கள் என்பதையும் எழுத்தில் கேள். அங்கே போன பிறகு பாடம் மாறும், இது எல்லோருக்கும் நடக்கிறது: நேரம் இடிக்கும், ஆங்கிலத்தில் இருக்கும் என்று சொன்ன பாடம் ஜெர்மனில் இருக்கும். மாற்றினால் அந்த வாரமே புதிய தாளுக்கு மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிவிடு, திரும்பி வந்து பேசலாம் என்று விட்டுவிடாதே.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்கும், பிப்ரவரியில் முடியும், அதன்பிறகுதான் தேர்வுகள். நம் ஊரில் ஒரு செமஸ்டர் ஜூலைவாக்கில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடும், அடுத்தது ஜனவரியில் தொடங்கிவிடும். ஆக நீ போவது ஒரு செமஸ்டர், இடிப்பது இரண்டு செமஸ்டரை. முதல் செமஸ்டரில் பாதியில் கிளம்புகிறாய், இரண்டாவதில் பாதியில் வந்து சேர்கிறாய், வருகைப்பதிவு 75 சதவீதம் எங்கே போகும்? பிப்ரவரி, மார்ச்சில் இங்கே வகுப்பில் இல்லாததற்கு விலக்கு உண்டு என்று துறைத் தலைவர் மட்டுமல்ல, கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். கடிதம் தர மறுத்தால் எட்டாவது செமஸ்டரில் புராஜெக்டை அங்கே ஒரு ஆய்வகத்தில் செய்ய முடியுமா என்று கேள். அதில் வகுப்பும் இல்லை, பாடப்பெயர் தகராறும் குறைவு.

"என் மகனுக்கு ஜெர்மனியில் ஆறு மாதம் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. வங்கியில் லட்சக்கணக்கில் பணம் காட்ட வேண்டுமாம். வீட்டுக்காரர் நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். ஏஜென்ட் ஒருவர் எல்லாவற்றையும் முடித்துத் தர ஒன்றரை லட்சம் கேட்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது." (ஒரு தாய், விருதுநகர்)

அம்மா, முதலில் அந்த ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் மகன் போவது கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில், இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. மீதி இருப்பது விசா விண்ணப்பம், காப்பீடு, தங்க ஓர் அறை. இதை இருபது வயதுப் பையன் தானே செய்ய முடியும், செய்யவும் வேண்டும். அங்கே போனால் இதைவிட அதிகமான படிவங்கள் காத்திருக்கின்றன.

அந்தப் பெரிய தொகை கட்டணம் இல்லை. முடக்கக் கணக்கு என்று ஒன்றில் மகன் பெயரிலேயே போட்டு வைக்க வேண்டும், அங்கே போனதும் மாதாமாதம் அவன் கைக்கே வரும். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ என்பது கணக்கு. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ, யூரோ நூறு ரூபாயை ஒட்டி இருந்தால் ஏறக்குறைய 6 லட்சம். அவன் சாப்பாடு, வாடகை, காப்பீடு எல்லாம் இதிலிருந்துதான். கிழக்கு ஜெர்மனியின் ஊர்களில் மாணவர் விடுதி அறை 300 யூரோவைச் சுற்றிக் கிடைக்கும், சிக்கனமானவன் என்றால் கொஞ்சம் மிச்சம்கூடப் பிடிப்பான். மியூனிக் என்றால் அந்தப் பேச்சே இல்லை, வாடகையே விழுங்கிவிடும். உதவித்தொகை கிடைத்தால் இந்தக் கணக்கில் அது கழிந்துவிடும். உங்கள் கல்லூரி ஒப்பந்தம் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், அதில் மாதாமாதம் பணமும் பயணச் செலவும் தருவார்கள்.

கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் போகும் மாணவர்களுக்கு அது இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சிறிய தொகை மட்டும் எல்லோரும் கட்ட வேண்டும், பல ஊர்களில் பஸ், டிராம் பாஸும் அதிலேயே வந்துவிடும்.

நிலத்தை வைக்காதீர்கள் அம்மா. கல்விக்கடனுக்கு வங்கியில் கேளுங்கள், உறவில் யாராவது ஆறு மாதத்துக்குக் கைமாற்றாகத் தருவார்களா பாருங்கள். இரண்டும் அமையவில்லை என்றால் இந்த முறை போகாமல் இருந்தாலும் குடி முழுகிவிடாது, இரண்டு வருடம் கழித்து முதுகலைக்குப் போகலாம். ஒரு செமஸ்டருக்காக ஒரு குடும்பத்தின் நிலம் போவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிறீர்கள், பெட்டியில் பால்கோவா வைக்க மனசு துடிக்கும். வைக்காதீர்கள். பால் பொருள், இறைச்சி எதையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே போகாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சாம்பார்பொடி, ஒரு சின்ன குக்கர், இவை போதும்.

"அக்கா, நான் எம்.ஏ. வரலாறு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதெல்லாம் ஐஐடிக்காரர்களுக்குத்தானே? எனக்கு ஆங்கிலமே திக்கித் திக்கித்தான் வரும்." (மாணவர், திருநெல்வேலி)

தம்பி, நீ வரலாறு என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு ஹாலே ஞாபகம்தான் வந்தது.

அந்த ஊரில் 1698-இல் தொடங்கிய பிராங்கே நிறுவனம் என்று, அநாதை இல்லமும் பள்ளியும் சேர்ந்த ஒன்று இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினாரே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அவர் படித்தது ஹாலேயில். தமிழ் அச்செழுத்துகள் அங்கே வார்க்கப்பட்டுக் கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்தன. 1716-இல் அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணமும் அங்கேதான் அச்சானது. தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன. பழைய அநாதை இல்லக் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அருங்காட்சிக்கூடம், அதில் கண்ணாடிக்குப் பின்னால் ஓலையைப் பார்த்தேன். குச்சி குச்சியாக, புள்ளி வைக்காத எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. கூட வந்த ஜெர்மன் தோழி, "உன் மொழிதானே, படி" என்றாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். பள்ளியில் பன்னிரண்டு வருடம் தமிழ் படித்தவள், ஒரு வரி முழுசாகப் படிக்க முடியவில்லை. ஓலை படிக்கத் தெரிந்த ஒரு வரலாற்று மாணவன் அந்த ஊருக்குப் போனால் அவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஐஐடி மாணவர் கொண்டுபோக முடியாத ஒன்றை நீ கொண்டுபோக முடியும் தம்பி. ஊரில் ஓலை படிக்கச் சொல்லித்தருகிறவர் யாராவது இருந்தால் இப்போதே போய்ச் சேர்ந்துவிடு.

மொழியைப் பற்றிப் பயப்படாதே என்று சும்மா சொல்ல மாட்டேன். வரலாற்றுத் துறை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும். ஆனால் அதை இங்கேயே தொடங்கலாம், சென்னையில் கோதே இன்ஸ்டிடியூட் (மாக்ஸ் முல்லர் பவன் என்றால்தான் பலருக்குத் தெரியும்) இருக்கிறது, இணையவழி வகுப்பும் உண்டு. ஆங்கிலத்தில் திக்குவது அங்கே குறையாகப் படாது, எதிரே இருக்கும் ஜெர்மன் மாணவனும் திக்குவான். கலைப் பாடங்களில் செமஸ்டர் கடைசியில் மூன்று மணி நேரத் தேர்வு என்பது குறைவு, ஒரு தலைப்பில் வகுப்பில் பேசிவிட்டு அதையே பதினைந்து இருபது பக்கக் கட்டுரையாக எழுதித் தருவதுதான் வழக்கம். மெதுவாக யோசிப்பவனுக்கு இது நல்லது. நான் முதன்முதலில் பேசி முடித்தபோது வகுப்பு முழுக்க மேஜையைத் தட்டியது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்தேன். அங்கே கைதட்டுவதற்குப் பதில் விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள். அறைக்குத் திரும்பி அம்மாவுக்கு ஃபோன் செய்து அந்தச் சத்தத்தைத் தட்டிக் காட்டினேன்.

உன் கல்லூரிக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால் பரிமாற்றமாகப் போவது கஷ்டம், அந்த ஏற்பாடு முழுக்க ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது. உன் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுப் பிரிவு இருக்கும், நேரில் போய்க் கேள். அங்கே எதுவும் இல்லை என்றால் முனைவர் பட்ட ஆய்வின்போது டாட் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். டாட் என்பது ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு, ஆய்வு மாணவர்களுக்குச் சில மாதங்களுக்கான உதவியும் அதில் உண்டு.

"நான் டிரெஸ்டனிலிருந்து எழுதுகிறேன் அக்கா. வந்து ஆறு வாரம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வகுப்பு, அறை, வகுப்பு, அறை. நேற்று யோசித்துப் பார்த்தேன், மூன்று நாளாக யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை. திரும்பி வந்துவிடலாமா என்று இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை." (மாணவர்)

தம்பி, உன் கடிதத்தைத்தான் நான் முதலில் படித்தேன், பத்திரிகை வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே தனியாகவும் பதில் போட்டேன். இங்கே மறுபடி எழுதுவது உன்னைப்போல் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்.

நவம்பரில் எனக்கும் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் அடைத்திருக்கும், தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது, ஜன்னலில் உட்கார்ந்து டிராம் போவதை எண்ணிக்கொண்டிருப்பேன். அங்கே யாரும் தானாக வந்து "சாப்பிட்டியா" என்று கேட்க மாட்டார்கள், அது வெறுப்பு இல்லை, உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதை. இது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. நாம்தான் முதலில் போக வேண்டும்.

வாராவாரம் ஒரே கிழமையில், ஒரே ஆட்களைப் பார்க்கும்படி ஏதாவது ஒன்றில் சேர். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பூப்பந்தாட்டம் முதல் எத்தனையோ வகுப்புகள் சொற்பக் காசுக்கு இருக்கின்றன. நீ தமிழோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுத்து அவர்கள் ஜெர்மன் சொல்லித்தரும் 'டேண்டம்' ஏற்பாட்டுக்குப் பெயர் கொடு. எனக்கு அப்படிக் கிடைத்தவள்தான் ஓலை பார்க்கக் கூட வந்த தோழி. விடுதியின் பொதுச் சமையலறையில் அறைக்குள் எடுத்துப்போகாமல் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடு. நான் ஒரு வியாழக்கிழமை ரசம் வைத்தேன், வாசம் பிடித்துக்கொண்டு எதிர் அறைப் பையன் கதவைத் திறந்து பார்த்தான். ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன், காபி மாதிரி உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தான். அடுத்த வியாழன் அவன் உருளைக்கிழங்கு சூப் வைத்தான்.

தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் தள்ளிப்போடாதே. மாணவர் நலச் சங்கத்தில் மனநல ஆலோசகர் இருப்பார், மாணவர்களுக்குக் காசு இல்லை, ஆங்கிலத்திலும் பேசலாம். அம்மாவிடமும் சொல். கவலைப்படுவார்கள்தான், ஆனால் தெரியாமல் இருப்பதைவிட அது மேல். அதன்பிறகும் திரும்பி வரத்தான் தோன்றினால் வா, யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. கிளம்புமுன் கல்லூரிக்கு எழுதிக் கேட்டுவிட்டு வா.

அப்புறம், தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டாயா? அங்கே பாடத்துக்குப் பெயர் கொடுப்பது வேறு, தேர்வுக்குப் பெயர் கொடுப்பது வேறு. பல துறைகளில் செமஸ்டர் நடுவிலேயே அந்தத் தேதி வந்து போய்விடும், விட்டால் எழுத விட மாட்டார்கள். இன்றைக்கே துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.