அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட நியமனப் பத்திரம் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பத்திரத்தின் படத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். முதலில் தேதி. லிங்கன் பதவியில் இருந்தது 1861 மார்ச் 4 முதல் 1865 ஏப்ரல் 15 வரை. ராணுவ நியமனத்தில் போர்த்துறைச் செயலரும் கீழே ஒப்பமிடுவார். ஸ்டான்டன் அந்தப் பொறுப்புக்கு வந்தது 1862 ஜனவரியில். 1861 தேதியிட்ட பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால் சந்தேகப்படுங்கள். தேதியோடு அமெரிக்கச் சுதந்திரத்தின் (1776 ஜூலை 4) எத்தனையாவது ஆண்டு என்றும் எழுதியிருப்பார்கள். கணக்கு ஜூலை 4-இல் மாறும்: 1862 ஜூன் என்றால் 86, ஆகஸ்ட் என்றால் 87. போலி தயாரிப்பவர்கள் இதில் வழுக்குவதுண்டு.

அடுத்து கையெழுத்து. கடிதங்களில் ‘ஏ. லிங்கன்’ என்று சுருக்கியவர், நியமனப் பத்திரங்களில் பெரும்பாலும் முழுப்பெயர் எழுதினார். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிக்கூட்டமாகத் தெரிந்தால் அச்சு. பேனா எழுத்தில் மை ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் மெலிந்தும் போகும்.

ராணுவப் பத்திரங்கள் பல தோலில் ஆனவை. தோலில் மை ஊறாது, மேலே படிந்தே நிற்கும், மடிப்பில் உதிர்ந்துவிடும். கையெழுத்து மங்கியிருந்தால் விலை பாதாளத்துக்குப் போகும். பழைய மையின் மேல் யாரோ திரும்ப எழுதியிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். ஈரமாக்கி நிமிர்த்தினால் தோல் சுருங்கிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது, வெயில் படும் சுவரும் வேண்டாம்.

லிங்கன் பெயருள்ள அமெரிக்க அரசு நிலப் பட்டாக்களைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் ஒரு எச்சரிக்கை: 1833-க்குப் பிறகு அவற்றில் அதிபர் பெயரை எழுதியது அதற்கென்றே இருந்த செயலர்தான், அதிபர் அல்ல.