போன்ல தேடி 15க்கு 15 வாங்கினா என்ன தப்பு?

கேள்வி: உங்க இதழ்ல வாரா வாரம் கடைசிப் பக்கத்துல வர்ற 15 பொது அறிவுக் கேள்வியை எங்க வீட்ல எல்லாரும் உட்கார்ந்து போடுவோம். நான் யோசிச்சு எழுதினா அஞ்சோ ஆறோதான் சரியா வருது. காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற என் பையன் போனை எடுத்து ரெண்டே நிமிஷத்துல 15க்கு 15 போட்டுட்டு, "இதுக்குப் போயி மண்டையை உடைச்சுக்கிறியேப்பா"ங்கிறான். அவன் சொல்றதும் சரின்னுதான் படுது. எல்லாமே போன்ல கிடைக்கிற காலத்துல இந்தப் பக்கம் எதுக்கு? அந்த இடத்துல வேற ஏதாவது உருப்படியா போடலாமே? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், விருத்தாசலம்)

பதில்: அந்த 15 மார்க் உங்க பையனோடது இல்லைங்க, அவன் போனோடது. அவன் 15 வாட்டி டைப் பண்ணியிருக்கான், அவ்வளவுதான். நம்பிக்கை இல்லேன்னா ஒண்ணு செய்யுங்க, நாலு நாள் கழிச்சு ராத்திரி சாப்பாட்டு நேரத்துல அதே 15 கேள்வியை அவன்கிட்ட கேளுங்க, உங்களையும் யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லுங்க. நீங்க தப்பா எழுதின ஒம்பதுல பாதிக்கு மேல உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு நான் நினைக்கிறேன். அவனுக்கு எத்தனை இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

போன மாசம் ஒரு கேள்வி போட்டிருந்தோம், பார்த்திருப்பீங்க. சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய், இந்த நாலு சொல்லும் தமிழுக்கு ஒரே மொழியிலேர்ந்து வந்தது, எந்த மொழி? இதழ் அச்சாகி வந்த அன்னிக்கு எங்க வீட்ல கேட்டேன். அம்மா முறத்தை மடியில வெச்சு முருங்கைக் கீரை உருவிக்கிட்டிருந்தாங்க, பக்கத்துல அக்கா பொண்ணு, எட்டாவது படிக்கிறா. அம்மா நிமிர்ந்துகூட பார்க்காம "வெள்ளைக்காரன் குடுத்ததுதான், இங்கிலீஷு"ன்னாங்க. "இல்ல பாட்டி, இங்கிலீஷ்ல கீ, விண்டோன்னுல்ல சொல்லுவாங்க"ன்னா அவ. அம்மாவுக்கு அது சரின்னு பட்டுச்சு. "அப்ப ஹிந்தியா இருக்கும், டெல்லியில இருந்தப்ப பக்கத்து வீட்டம்மா சாவியை சாபின்னுதான் சொல்லுவா, அலமாரியும் அவங்ககிட்ட இருக்கு"ன்னாங்க. இவ ஸ்கூல்ல ஹிந்தி எடுத்திருக்கா, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "ஜன்னலுக்கு அங்க கிட்கின்னுல்ல வரும்"னா. ரெண்டு பேரும் நின்னுட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. ரெண்டு கொத்துக் கீரை உருவி முடிச்சதுக்கப்புறம் அம்மாதான் "பீப்பாய் வீட்ல இருக்கிற சாமானாடி, அது கப்பல்ல வர்றதுல்ல"ன்னாங்க, அந்தப் பொண்ணு எழுந்தே நின்னுட்டா, "கப்பல்ல வந்தவங்க! இங்கிலீஷ்காரங்களுக்கு முன்னாடி வந்தவங்க! வாஸ்கோடகாமா, 1498, கோழிக்கோடு!"

போர்ச்சுக்கீஸ். பத்து நிமிஷம் ஆச்சு. எட்டாவது படிக்கிற பொண்ணும் எழுபத்தெட்டு வயசு பாட்டியும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு விடையைக் கண்டுபிடிச்சாங்க, ரெண்டு பேருக்குமே அது தனியா தெரியாது. அதோட முடியலை. அம்மா முறத்தைத் தூக்கிக்கிட்டு எழுந்திரிக்கும்போது, "ஏண்டா, அவங்க வர்றதுக்கு முன்னாடி நாம சாவியை என்னன்னு சொன்னோம்?"னு கேட்டாங்க. திறவுகோல். ஜன்னலுக்கு சாளரம், பலகணி, காலதர்னு மூணு சொல் நம்மகிட்ட இருந்திருக்கு. இந்தக் கேள்வியை நாங்க அச்சடிக்கவே இல்ல, அம்மா கேட்டது. உங்க பையன் டைப் பண்ணியிருந்தா "போர்ச்சுக்கீஸ்"னு ஒரு வார்த்தை வந்திருக்கும், அடுத்த கேள்விக்குப் போயிருப்பான்.

இது என் வீட்டுக் கதைன்னு நினைச்சுடாதீங்க. 2006ல அமெரிக்காவுல, செயின்ட் லூயிஸ்ல இருக்கிற வாஷிங்டன் யூனிவர்சிட்டியில ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. காலேஜ் பசங்களுக்கு ஒரு பத்தி படிக்கக் குடுத்தாங்க. அப்புறம் ஒரு கூட்டம் அதையே திரும்பப் படிச்சுது, இன்னொரு கூட்டம் பார்க்காம ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பார்த்துச்சு. அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட் வெச்சா திரும்பப் படிச்சவங்கதான் ஜெயிச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு வெச்சப்ப அப்படியே தலைகீழாப் போச்சு, எழுதிப் பார்த்தவங்க ஞாபகத்துல 56 சதவீதம் நின்னுச்சு, படிச்சவங்களுக்கு 42. ஒரு வாரம்ங்கிறது நம்ம இதழ் ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கிற அதே ஏழு நாள். மண்டையை உடைச்சுக்கிறதுன்னு உங்க பையன் எதைச் சொல்றானோ, அதுதான் உள்ள பதிய வைக்குது.

தப்பா எழுதறதைப் பத்தியும் சொல்லணும், நீங்க உங்க 5, 6-ஐ வெட்கப்பட்டு எழுதியிருக்கிற மாதிரி தெரியுது. பட்டர்ஃபீல்ட், மெட்காஃப்னு ரெண்டு பேர், 2001ல, பொது அறிவுக் கேள்வியையே வெச்சுப் பார்த்தாங்க. விடை எழுதறவங்க எவ்வளவு நிச்சயமாச் சொல்றாங்கன்னும் குறிச்சுக்கிட்டாங்க. மறுபடி கேட்கும்போது, "அடிச்சுச் சொல்றேன், இதுதான்"னு எழுதித் தப்பாப் போன கேள்விங்கதான் அதிகமாத் திருந்தியிருந்துச்சு, அரை மனசா எழுதின தப்பு அந்த அளவுக்குத் திருந்தலை. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. நான் ஆறாவது படிக்கும்போது இந்தியாவோட தேசிய விளையாட்டு ஹாக்கின்னு எழுதி மார்க் வாங்கினவன், முப்பது வருஷம் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். 2012ல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேட்டதுக்கு மத்திய விளையாட்டு அமைச்சகம் எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டுன்னு அறிவிக்கலைன்னு பதில் குடுத்துச்சு. அதைப் படிச்ச நாளும் படிச்ச இடமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நம்ம பக்கத்துல இதைக் கேள்வியாப் போட்ட வாரம் வந்த மாதிரி கடிதம் வேற எந்த வாரமும் வந்ததில்ல, பாதிப் பேர் கோவமா எழுதியிருந்தாங்க. கோவப்பட்டவங்க ஒருத்தர்கூட அதை இனிமே மறக்க மாட்டாங்க.

எல்லாம் போன்ல இருக்குன்னு சொல்றீங்களே, அங்கதான் எனக்கு நெஜமாவே வருத்தம். இந்தியாவுல அதிக நீளக் கடற்கரை இருக்கிற மாநிலத்துல ரெண்டாவது எது? குஜராத்துக்கு அடுத்து ஆந்திரான்னுதான் நம்ம எல்லாரும் படிச்சோம், ஆந்திரா 974 கிலோமீட்டர், தமிழ்நாடு 906. நாங்களும் தேடிப் பார்த்து ஆந்திரான்னே விடை போட்டோம், அடுத்த வாரம் திருத்தம் போட வேண்டி வந்துச்சு. மத்திய அரசு திரும்ப அளந்து, இந்தியாவோட மொத்தக் கடற்கரை 7,516 கிலோமீட்டர்னு இருந்தது இப்ப 11,098 ஆயிருக்கு, தமிழ்நாடு 1,068, ஆந்திரா 1,053, நாம ரெண்டாவது. கடல் எங்கயும் புதுசா வந்துடலை. 1970கள்ல பெரிய பெரிய பரப்பை ஒரு விரற்கடையில அடக்கின மேப்பை வெச்சு அளந்தாங்க, இப்ப நெருக்கமா வரைஞ்ச மேப்பை வெச்சு ஒவ்வொரு முகத்துவாரம், ஒவ்வொரு வளைவு, ஒவ்வொரு தீவுன்னு உள்ள போயி அளந்திருக்காங்க. அளவுகோல் சின்னதாக ஆகக் கரை நீண்டுகிட்டே போகும். வேதாரண்யம் பக்கம் உப்பளத்து ஓரமா நடந்து போனவங்களுக்கு இது சட்டுனு புரியும், ரோட்ல பார்த்தா ஒரே கோடு, கால் வெச்சு நடந்தா கரை உள்ள வெளியன்னு போயிக்கிட்டே இருக்கும். போன்ல தேடினா பழைய கணக்கும் வரும், புதுக் கணக்கும் வரும். எது எப்ப எடுத்ததுன்னு சந்தேகப்படத் தெரிஞ்சவனுக்குத்தான் போன் உதவும், அந்தச் சந்தேகம் வரணும்னா உள்ள ஏற்கெனவே ஏதாவது இருக்கணும்.

கஜகஸ்தான் தலைநகரம் இன்னொண்ணு. அஸ்தானான்னு படிச்சவங்க 2019ல தப்பு, அதை நூர்சுல்தான்னு மாத்திட்டாங்க, 2022ல மறுபடி அஸ்தானான்னே ஆயிடுச்சு. பொது அறிவுன்னா கல்வெட்டு மாதிரி செதுக்கி வெச்சதுன்னு நினைக்கிறவங்களுக்கு இந்த ஒரு ஊர் போதும்.

இந்த மார்க் பைத்தியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நம்ம ஊர்ல பொது அறிவுன்னாலே டிஎன்பிஎஸ்சி கைடுன்னு ஆயிடுச்சு. குரூப் 4ல 200 கேள்வி, ஒண்ணு கூடினா வேலை, ஒண்ணு குறைஞ்சா இன்னொரு வருஷம், அந்தக் கஷ்டத்துல படிக்கிற பசங்களை நான் ஒரு வார்த்தை குறையாச் சொல்ல மாட்டேன். ஆனா அங்க 2020லேர்ந்து ஏ, பி, சி, டிக்கு அப்புறம் இ-ன்னு அஞ்சாவதா ஒரு வட்டம் குடுத்திருக்காங்க, "விடை தெரியவில்லை"ன்னு. அது பரீட்சை, அங்க அது வேணும். உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில அந்த வட்டம் எதுக்குங்க? தெரியலேன்னா ஏதாவது ஒண்ணை எழுதுங்க, ஏன் எழுதினீங்கன்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. 1985ல தூர்தர்ஷன்ல சித்தார்த்த பாசு குவிஸ் டைம் நடத்தினப்போ, டிவி இருந்த வீட்ல தெருவே உட்கார்ந்து பார்க்கும், மேடையில இருக்கிற பசங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி இங்க ஒருத்தர் கத்துவார், தப்பாப் போகும், அடுத்த கேள்விக்கு இன்னும் சத்தமாக் கத்துவார். மார்க் போட அங்க யாரும் இல்ல. டிரிவியான்னு இங்கிலீஷ்ல இதைச் சொல்றாங்களே, அதோட வேர் லத்தீன்ல மூணு ரோடு கூடுற இடம், நம்ம முச்சந்தி. நாலு பேர் நின்னு பேசறதுக்குன்னே உள்ள சமாச்சாரம் இது.

ஒரு விஷயத்துல மட்டும் உங்க பையன் பக்கம் நியாயம் இருக்கு. உங்க கடிதம் வந்ததுக்கப்புறம் போன எட்டு இதழையும் எடுத்து வெச்சு நானே எண்ணினேன். 120 கேள்வியில எண்பதுக்கு மேல எந்த வருஷம், யாரு முதல், எது பெரிசுன்னு கேட்டிருக்கோம். அந்த மாதிரி கேள்விக்குத் தெரிஞ்சா விடை, தெரியாட்டி முழிக்கிறதுதான், நடுவுல யோசிக்க இடமே இல்ல. புத்திசாலிப் பையன் போனைத்தான் எடுப்பான். தப்பு எங்க மேல. அடுத்த இதழ்லேர்ந்து 15ல குறைஞ்சது எட்டு, சாவி, ஜன்னல் மாதிரி, தெரியாதவங்களும் பேசிப் பேசிக் கண்டுபிடிக்கிற கேள்வியா இருக்கும், கேள்வி தயாரிக்கிறவங்ககிட்ட சொல்லிட்டேன். பக்கத்தை நிறுத்தற பேச்சே இல்ல.

போனை வேண்டாங்கலை. முதல்ல எல்லாரும் பேனாவால எழுதுங்க, பென்சில் வேண்டாம், அழிச்சு எழுதத் தோணும். விடையைப் பார்த்ததுக்கப்புறம் பையன்கிட்ட போனைக் குடுத்து, யாரு ரொம்ப நிச்சயமாச் சொல்லித் தப்பாப் போச்சோ அந்த ஒரு கேள்வியை மட்டும் தோண்டச் சொல்லுங்க, ஏன் அப்படி, எப்பலேர்ந்து அப்படின்னு. அதுல அவன் உங்களைவிடக் கெட்டிக்காரனா இருப்பான்.

இந்த வாரம் உங்க வீட்டுக்குன்னு ஒண்ணு. மிளகு, மிளகாய், கொய்யா, பப்பாளி, முந்திரிப்பருப்பு, இந்த அஞ்சுல நாலு ஒரே திசையிலேர்ந்து கப்பலேறி வந்தது, ஒண்ணு மட்டும் நம்ம மண்ணுலயே இருந்தது. எது அது, மத்த நாலும் எங்கேர்ந்து வந்துச்சு? அஞ்சு பேர்ல ஒரு பேருக்குள்ளயே துப்பு இருக்கு. போனை வேற ரூம்ல வெச்சுட்டு உட்காருங்க. விடை அடுத்த வாரம்.