அகாரில் வளரவில்லை என்று ஆய்வை விட்டுவிடாதீர்கள்

நுண்ணோக்கியில் ஏராளமாகத் தெரியும் கடல் பாக்டீரியாக்கள் அகார் தட்டில் (கூழ்போல் உறைந்த ஊட்டப்பொருள் உள்ள தட்டில்) நாலைந்துதான் வளர்கின்றன, இந்தத் துறை எனக்கு ஒத்துவராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். குறை உங்கள் கையில் இல்லை. வழக்கமான தட்டில் கடல்நீர் பாக்டீரியாக்களில் நூற்றில் ஒன்று வளர்ந்தாலே பெரிது.

நுண்ணுயிரியலாளர் ஸ்டீபன் ஜியோவனோனி 1990-இல் அட்லாண்டிக்கின் சர்காசோ கடல்நீரில் சார்11 (SAR11) என்ற பாக்டீரியா வகையின் மரபணுவை மட்டும்தான் கண்டார். அதை ஆய்வகத்தில் வளர்க்க, ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவுக்கு 2002 வரை ஆனது. இத்தனைக்கும் கடலில் மிக அதிகமாக இருக்கும் பாக்டீரியாக்களில் அதுவும் ஒன்று!

அவர்கள் பெப்டோன் என்ற செறிவான புரத ஊட்டத்தை அள்ளிப் போடவில்லை. கடல்நீரையே வடிகட்டி, கிருமி நீக்கி, வளர்ப்புத் தட்டின் ஒரு குழிக்குச் சில செல்களே விழும்படி மாதிரியை நீர்க்கச் செய்தார்கள். அப்புறம் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வளர்ந்தாலும் தண்ணீர் கலங்காது. தெளிவாக இருக்கிறதே என்று கொட்டிவிட்டால் போச்சு. ஒரு சிறு பங்கை எடுத்துச் சாயமேற்றி, ஒளிர்வு நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். பின்னால், 2008-இல், சார்11 பாக்டீரியாக்களுக்குக் கந்தகச் சேர்மங்களை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும் என்பதும் தெரியவந்தது.

வழிகாட்டியிடம் பேசி இந்த முறையைச் சின்ன அளவில் தொடங்குங்கள். அதே நீரை வடிகட்டி, டிஎன்ஏவுக்கும் ஒரு வடிதாளை உறையவைத்துவிடுங்கள். தட்டில் வராதவை யாரென்று அதில் தெரியும்.